ஊசிக்கு அஞ்சும் உடலும் குருதிக் கொடையும்

ஒவ்வோராண்டும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரியில் இரத்ததான முகாம் நடைபெறுகிறது. அறிவிப்பு வந்தவுடன் வகுப்பில் பெயர் கேட்பார்கள். சிலர் உடனே எழுந்து பெயர் கொடுப்பர். சிலர் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்பர். இன்னுஞ் சிலர் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதுபோல் இருப்பர். இந்த மூன்றாம் வகையினரைப் பற்றி மேடையில் பேசுவோர் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும், ‘வீரத்துக்குப் பேர்போன மண்ணில் பிறந்துவிட்டு ஒரு சிறு ஊசிக்கு அஞ்சலாமா?’ என்று கேட்டுக் கைதட்டல் பெறுவதோடு சரி. அந்தக் கேள்விக்கு, அந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவள் என்ற முறையிலும், விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையிலும் விடை கூற விரும்புகிறேன்.

அஞ்சலாம். ஏனெனில் அந்த அச்சம் வீரத்தோடு தொடர்புடையதன்று.

என் தந்தையார் பனையேறும் தொழிலாளி. காலில் தளைநாரும் இடுப்பில் பாளை அரிவாளுமாக விடியுமுன் தொடங்கி நாற்பது பனை வரை ஏறி இறங்குவார். காற்றில் ஆடும் மரத்தின் உச்சியில் நின்று பாளை சீவுகிற அந்த மனிதர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஊசியைக் கையிலெடுத்தால் முகம் வெளுத்துச் சாய்ந்துவிடுவார். “மரத்துல கைகாலு நடுங்கல தாயி, இங்க வந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்பார். அவருடைய நெஞ்சுத் துணிவை நான் பெற்றேனோ இல்லையோ, இந்த மயக்கத்தை அப்படியே பெற்றிருக்கிறேன். பள்ளியில் தடுப்பூசி போட்ட நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில் ஊசி ஏறியதைப் பார்த்தே நான் கீழே விழுந்தேன். என் முறை அதுவரை வரவேயில்லை!

இஃது எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். பாம்பைக் கண்டோ, நாயைக் கண்டோ நாம் அஞ்சும்போது இதயம் படபடவென்று அடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் அணியமாகிறது. அந்நிலையில் ஒருவர் மயங்கி விழுவது அரிது. அழுத்தம் உயர்ந்திருக்கையில் மூளைக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது அல்லவா? ஆனால் ஊசி, இரத்தம், காயம் இவற்றைக் காணும்போது உண்டாகும் அச்சம் மட்டும் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில் வழக்கம்போல் இதயத் துடிப்பும் அழுத்தமும் ஏறுகின்றன. சற்று நேரத்தில் பத்தாம் மூளை நரம்பாகிய வேகஸ் நரம்பு முனைந்து செயற்பட்டு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. கைகால்களிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அழுத்தம் திடீரென்று சரிகிறது. இரத்தம் கால்களில் தேங்க, மூளைக்குச் செல்வது குறைகிறது. கொட்டாவி, வியர்வை, குமட்டல், காதில் இரைச்சல், கண்ணில் இருட்டு, பிறகு தரை. கீழே விழுந்தபின் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் சிறிது நேரத்தில் தானாகவே நினைவு திரும்புகிறது. மயங்கியவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் நம்மவர் வழக்கம் எவ்வளவு தவறானது என்பது இதனால் விளங்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும்.

இந்த இயல்பு குடும்பவழி வருவதும் அறிஞர்கள் கண்டதே. பெற்றோரில் ஒருவர்க்கு இருந்தால் பிள்ளைகளிடமும் காணப்படுவது மிகுதி. ஆகவே என் தந்தையாரும் நானும் கோழைகள் அல்லர். எங்கள் வேகஸ் நரம்பு சற்று முந்திக்கொள்கிறது, அவ்வளவே.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அஞ்சுகிறவர்களைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? ‘உடம்பைத் தளர்த்திக்கொள், மூச்சை இழுத்துவிடு, நிம்மதியாக இரு’ என்கிறோம். பாம்புக்கு அஞ்சுகிறவனுக்கு இது நல்ல அறிவுரை. ஊசிக்கு மயங்குகிறவனுக்கு இது போதாது. சரிகிற அழுத்தத்துக்கு நடுவே தசைகளையும் தளர்த்தினால் அது மேலும் சரியவே துணை செய்யும். சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் லார்ஸ் கோரன் ஒஸ்ட் என்பவரும் அவருடைய துணையாளரும் 1987-இல் இதற்கு நேர்மாறான முறையொன்றை வெளியிட்டார்கள். தசைகளை இறுக்குவதுதான் அம்முறை. கை, மார்பு, கால் தசைகளை ஒருசேர இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு ஏறுவதுபோல் உணரும் வரை, அதாவது 10 முதல் 15 வினாடி வரை, அப்படியே இருக்க வேண்டும். பிறகு விட்டுவிட வேண்டும். முற்றிலும் துவண்டுவிடாமல் இயல்பான நிலைக்கு வந்தால் போதும். 20 அல்லது 30 வினாடி கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை. இறுகிய தசைகள் கால்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன, அழுத்தம் உயர்கிறது, மயக்கம் வர வழியில்லாமற் போகிறது. மனத்தை மாற்ற முயலாமல் உடலை மாற்றுகிற வழி இது. அச்சம் இருக்கும், ஆனால் விழமாட்டோம். இரண்டு மூன்று முறை விழாமல் எழுந்து வந்துவிட்டால் அச்சமும் தானே குறையத் தொடங்குகிறது.

விடுதி அறையில் இரண்டு வாரம் இதனைப் பழகினேன். முதலில் வெறுமனே, பிறகு பாடநூலிலுள்ள ஊசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு ஆய்வகத்தில் தோழியொருத்தி இரத்தவகை காண விரலில் குத்திக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு. அன்று காதில் இரைச்சல் கேட்டது. தொடைகளை இறுக்கினேன். இரைச்சல் நின்றது. உண்மையாகவே நின்றது! விடுமுறையில் தந்தையாருக்கும் கற்றுக்கொடுத்தேன். அரிவாள் பட்ட காயத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனவர் நடந்தே வீடு திரும்பினார்.

கொடை அளிக்கும் ஊசி தடுப்பூசி ஊசியைவிடத் தடித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதினாறு கேஜ் எனப்படும் அதன் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ‘எறும்பு கடிப்பதுபோல்தான் இருக்கும்’ என்று சொல்லி ஏமாற்றுவதால் பயன் என்ன? ஏன் தடித்தது என்று சொன்னால் புரிந்துகொள்ள மாட்டோமா? மெல்லிய ஊசியில் ஓட்டம் மந்தமாகும், இரத்தம் உறையத் தொடங்கும், சிவப்பணுக்களும் சிதையும். தடித்த ஊசியாயின் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். வலி என்பது ஊசி தோலைக் கடக்கும் அந்த ஒரு கணந்தான்.

முற்காலத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் எளிய காரியம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கொடுப்பவரையும் பெறுபவரையும் அருகருகே கிடத்தி, கொடுப்பவரின் தமனியை அறுத்து மற்றவரின் சிரையோடு இணைத்துத் தைத்தார்கள். இரத்தம் வெளியே வந்தால் உறைந்துவிடும் என்பதே காரணம். 1914-இல் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு உறைதலைத் தடுக்கும் என்பது நடைமுறைக்கு வந்தபிறகே கொடுப்பவரும் பெறுபவரும் பிரிய முடிந்தது. அதற்கு முன் 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டிருந்தார். அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே இன்று உலக இரத்தக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இப்போது 350 மி.லி. இரத்தம் பெறும் பையில் 49 மி.லி. உறைவு எதிர்ப்புக் கரைசல் முன்பே இருக்கிறது. அக்கரைசலில் சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 நாள் வரை கெடாமலிருக்கும். தட்டணுக்களோ 5 நாள்தான். அவற்றைக் குளிரில் வைக்காமல் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனை நாள் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், அவசரம் நேர்ந்தபின் ஓடிப்போய்க் கொடுக்கும் இரத்தம் அந்த அவசரத்துக்கு உதவுவது குறைவு. என் அக்காளுக்குப் பிள்ளைப்பேற்றின்போது இரத்தப்போக்கு நிற்கவில்லை. மாமாவும் சித்தப்பாவும் கைச்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவர்கள் அன்று கொடுத்த இரத்தம் அன்றே அவளுக்கு ஏறவில்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா என ஐந்து சோதனைகள் முடிந்த பிறகே ஒரு பை இரத்தம் நோயாளியிடம் செல்லலாம். அக்காளுக்கு ஏறியவை, எங்கோ யாரோ சில நாள்களுக்கு முன்பே கொடுத்து, சோதிக்கப்பட்டு, குளிர்பெட்டியில் காத்திருந்த இரண்டு பைகள். அவை யாருடையவை என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. அக்காளும் பிள்ளையும் நலமாயிருக்கிறார்கள்.

பணத்துக்கு இரத்தம் விற்போர் ஒரு காலத்தில் நம் நாட்டில் இருந்தனர். 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் அது தடைசெய்யப்பட்டது. பணத்துக்காகவோ, உறவினர் நெருக்குதலுக்காகவோ கொடுப்பவர் தம் நோயை மறைக்க நேரலாம். தாமாக வந்து கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய காரணம் இல்லை. ஆகையால் கல்லூரி முகாமில் கிடைக்கும் இரத்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி என் முறை. முகாமில் முதலில் எடை பார்த்தார்கள். 45 கிலோவாவது இருக்க வேண்டும். நான் 48. 55 கிலோவுக்கு மேற்பட்டோரிடம் 450 மி.லி.யும், என் போன்றோரிடம் 350 மி.லி.யும் எடுக்கிறார்கள். அடுத்து விரல்நுனியில் குத்தி ஒரு துளியை மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். நம் ஊரில் வயலுக்கு மருந்தடிக்கச் சுண்ணாம்போடு கலக்கும் அதே நீல நிற மயில்துத்தந்தான். துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று பொருள், மிதந்தால் போதாது. என் துளி மூழ்கியது. எனக்குத் துணையாக வந்த அறைத்தோழி ஊசியைக் கண்டு சிரிப்பவள். அவள் துளி மிதந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து அவள் அழுததைப் பார்த்தபோது எனக்கு ஊசி மறந்துபோயிற்று.

எனக்கு மயக்கம் வரும் இயல்பு உண்டென்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டு, தலைப்பக்கம் தாழ்ந்த படுக்கையில் படுக்கச் சொன்னார். அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார். கொடைக்கு முன் தண்ணீர் குடிப்பது மயக்கத்தைக் குறைக்கும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு, கால்களைக் குறுக்காகப் போட்டு இறுக்கினேன், விட்டேன், இறுக்கினேன். ஏழு நிமிடம் ஆயிற்று. பையை ஆட்டிக்கொண்டிருந்த பொறி நின்றதும் ‘முடிந்ததா?’ என்று நானே கேட்டேன். ஊசியை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டுமென்று விதி ஒன்றும் இல்லையே!

வயதில் இளையோர், முதன்முறை கொடுப்போர், எடை குறைந்தோர் ஆகியவர்களுக்கே மயக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அதாவது நாம்தான். வெறும் வயிற்றோடும், இரவெல்லாம் விழித்துப் படித்த கண்ணோடும் முகாமுக்கு வருவதை விட்டாலே பாதி மயக்கங்கள் இல்லாமற் போகும். கொடுத்தபின் கொடுக்கும் பழச்சாற்றையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு உடனே ஓடாமல், கால்மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இழந்த நீர்மம் ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி.

மாணவியர் ஹீமோகுளோபின் பற்றிச் சிந்திக்க வேண்டும். 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். முகாமில் பெண்கள் குறைவாகக் கொடுப்பதைக் கண்டு ‘பயந்துவிட்டார்கள்’ என்று சொல்வோர் இந்த எண்ணையும் நினைவிற் கொள்வார்களாக. முருங்கைக்கீரை, கம்பு, உண்பவர்களாயின் ஈரல், சுவரொட்டி. உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் சேராது. விடுதியில் சோற்றுக்குப் பின் தேநீர் என்பது ஒரு சமயச் சடங்குபோல் நடக்கிறது; அதை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடலாம். என் அறைத்தோழி இப்போது மருத்துவர் சொற்படி இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டு வருகிறாள்.

முகாமுக்காகவே காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடப்படுவதால் முகாம்கள் குறைகின்றன. இரத்த வங்கிகளில் இருப்பும் குறைகிறது. விபத்துகளும் பிள்ளைப்பேறுகளும் விடுமுறை பார்ப்பதில்லை. ஊருக்குச் செல்லும் நண்பர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனை இரத்த வங்கிக்கு, காலையுணவு உண்டபின், அடையாள அட்டையோடு நேரே செல்லலாம். மயங்கும் இயல்புடையோர் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டுப் படுக்கை கேட்டுப் பெறுங்கள்.