மதிலுக்குள் ஒரு நீர்த்துறை

அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் வண்டிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. அச்சாலையோரம், மதிலுக்கு அப்பால் ஒரு காடு இருக்கிறது. 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு அது. பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். காத்தான் கொல்லை, அப்பளம் குளம் என்னும் நீர்நிலைகள் அதனுள் உள்ளன. கோடையில் மான்கள் நீர்நிலைகளைத் தேடி வருகின்றன.

இங்குள்ளவை இரு வகை. புள்ளிமானின் கிளைத்த கொம்புகள் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்கிய கொம்புகள் உதிர்வதில்லை. அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உறவான இரலை இனம். இரண்டுமே அசைபோடும் விலங்குகள்.

கோடையில் இவை நீரை நாடுவது ஏன்? வெப்பத்தால் என்பீர்கள். அது பாதி விடைதான். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கச் செய்கின்றன. இதற்கு ஏராளமான நீர் வேண்டும். ஒரு பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் அதிகமாக உமிழ்நீர் சுரக்கிறது! அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆனாலும் வியர்வை, மூச்சு, சிறுநீர் வழியே இழக்கும் நீரை ஈடுசெய்தே ஆகவேண்டும்.

பசும்புல்லில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நீர்தான். காய்ந்த புல்லிலோ சுமார் 15 பங்கே இருக்கும். ஆகவே கோடையில் உணவின் வழியே கிடைத்த நீர் குறைகிறது. அதே வேளையில் குளமும் வற்றுகிறது. மறுபாதி விடை இதுவே.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். நமீபியாவின் எட்டோஷாவில் வறண்ட மாதங்களில் யானைகளும் வரிக்குதிரைகளும் நீர்க்குட்டைகளைச் சுற்றிக் கூடுகின்றன. மழை பெய்ததும் கலைந்து செல்கின்றன. தான்சானியாவின் செரெங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டபீஸ்ட் இரலைகள் மழையையும் பசும்புல்லையும் பின்தொடர்ந்து, கென்யாவுக்குள்ளும் நடந்துவிடுகின்றன.

கிண்டி மான்களுக்கு அந்த வழி இல்லை. சுற்றிலும் மதில், அதற்கப்பால் மாநகரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் உள்ளே தேங்கும் நீரே கோடைக்கான கையிருப்பு. அது குறையும்போது தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டியிருக்கிறது.

நீர் மட்டும் இருந்தால் போதாது. வெளிமான் தன் கண்ணையும் காலையும் நம்பி வாழ்வது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது. புதர் மண்டிய இடத்தில் பகை மறைந்திருந்தால் தெரியாது, ஓடவும் முடியாது. எனவே திறந்த புல்வெளியையும் காத்தால்தான் அதற்கு வாழ்வு.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பிடி பசும்புல்லை எடை போடுங்கள். நான்கு நாள் வெயிலில் உலர்த்தி மறுபடியும் எடை போடுங்கள். குறைந்த எடை ஏறக்குறைய முழுவதும் நீரே. மே மாதத்தில் ஒவ்வொரு பிடிப் புல்லுக்கும் அந்த அளவு நீரை மான் குளத்தில்தான் தேடியாக வேண்டும்.