வேடம் வேறு, நடிப்பு வேறு

பல வேடம் தாங்குவோரைப் 'பன்முக நடிகர்' எனப் பாராட்டுகிறோம். வேடத்தை மாற்றுவதால் மட்டும் அப்பெயர் ஒருவருக்குப் பொருந்துமா? பிரெஞ்சுத் திரைநடிகை மரியோன் கோத்தியாரின் கலை வளர்ச்சி இவ்வினாவுக்கு நல்ல விடை தருகிறது.

அம்மையார் 1975ஆம் ஆண்டு பாரிசு நகரிற் பிறந்தவர். பெற்றோர் இருவரும் நாடகக் கலைஞர்கள். அவரும் ஓர்லியான் நகரில் நாடகக்கலையை முறையாகப் பயின்றார். 1998இல் வெளிவந்த 'டாக்சி' என்னும் நகைச்சுவைப் படம் அவர் முகத்தை நாடறியச் செய்தது. ஆயினும் அதில் அவர் கதைத்தலைவனின் காதலி, அவ்வளவே. 2004இல் வந்த மற்றொரு படத்தில், போர்முனையில் தன் காதலனை இழந்து, அதற்குக் காரணமானோரைத் தேடிப் பழிதீர்க்கும் பெண்ணாகத் தோன்றினார். வேடம் சிறிது, எனினும் பிரெஞ்சுத் திரையுலகின் உயரிய செசார் பரிசு அதற்குக் கிடைத்தது.

2007இல் வந்த 'லா மோம்' அவரை உலகறியச் செய்தது. அது பாடகி எதித் பியாஃபின் (1915–1963) வாழ்க்கைக் கதை. பியாஃப் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடையவர். நோயால் நலிந்து 47 வயதில் மறைந்தவர். முப்பதை ஒட்டிய வயதினரான கோத்தியார், புருவத்தையும் முன்நெற்றி முடியையும் மழித்துக்கொண்டு, இளமைத் துடுக்கையும் இறுதிநாள் தளர்ச்சியையும் ஒருங்கே நடித்துக் காட்டினார். பாடல்களிற் பெரும்பாலானவை பியாஃபின் ஒலிப்பதிவுகளே. ஆயினும் மூச்சிழுக்கும் இடமும் தொண்டை நடுங்கும் இடமும் பிசகாமையால், பாட்டு அவர் உடலிலிருந்தே எழுவதுபோல் தோன்றுகிறது.

இதற்காக 2008இல் அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1960இல் அப்பரிசைப் பெற்ற பிரெஞ்சு நடிகை சிமோன் சிஞ்ஞோரே ஆங்கிலப் படத்தில் நடித்தே அதனைப் பெற்றார். பிரெஞ்சு மொழியிலேயே பேசி நடித்து, சிறந்த நடிகைக்குரிய அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் கோத்தியாரே.

"இது ஒப்பனையின் வெற்றியன்றோ?" எனச் சிலர் வினவலாம். அப்படத்தின் ஒப்பனைக்கும் ஆஸ்கார் கிடைத்தது உண்மையே. ஐயத்தைத் தீர்ப்பது பெல்ஜிய நாட்டு தார்தென் உடன்பிறப்பினர் 2014இல் எடுத்த 'இரண்டு பகல், ஓர் இரவு' என்னும் படம். அதில் அவர் சாந்திரா என்னும் தொழிற்சாலைப் பெண். உடன் உழைக்கும் பதினாறு பேரில் பெரும்பான்மையோர் ஆளுக்கு ஆயிரம் யூரோ ஊக்கத்தொகையைத் துறக்க வாக்களித்தால்தான் அவள் வேலை நிலைக்கும். மனச்சோர்வினின்று அப்போதுதான் மீண்டவள், வார இறுதியில் அவர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறாள். ஒவ்வொரு வாயிலிலும் ஏறக்குறைய அதே வேண்டுகோள். ஆனால் ஓரிடத்தில் நாணம், ஓரிடத்தில் அச்சம், ஓரிடத்தில் சிறு நம்பிக்கை. வாக்கெடுப்பில் தோற்கிறாள். பின்னர், தற்காலிகத் தொழிலாளி ஒருவரை நிறுத்திவிட்டு அவளை வைத்துக்கொள்வதாக முதலாளி கூறும்போது மறுத்துவிடுகிறாள். புனைவும் பொய்முடியும் இங்கில்லை. சாதாரண உடையும் சோர்ந்த முகமுமே உண்டு. இந்நடிப்பும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது.

பியாஃபாக நடித்தபோது உருவை மாற்றினார். சாந்திராவாக நடித்தபோது உருவை மாற்றாமலே ஆளை மாற்றினார். இரண்டாவதே அரிது. பள்ளி நாடகம் பயிற்றும் ஆசிரியர்கள், உடையும் மீசையும் தேடுமுன், கதவைத் தட்டி உதவி கேட்கும் ஒருவரின் குரலை மாணவர்க்குப் பழக்கிப் பார்ப்பது நலம்.