மூட்டு மாற்றிய பிறகும் வலியா? வயல் வேலையும் காப்பீடும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து நான்கு மாதம் ஆகியும் கால் வீங்குகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, 'இவ்வளவு செலவு செய்தது வீண்தானா?' என்று கலங்கும் விவசாயக் குடும்பங்கள் பல. பெரும்பாலும் வீணில்லை. வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதம் வரை இருக்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் தோல் மரத்துப்போவதும், நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருவதும் சகஜம். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். அப்படியும் பத்துப் பேரில் ஒருவர், இருவருக்கு ஓரளவு வலி நீடிக்கத்தான் செய்கிறது. இதை அறுவைக்கு முன்பே எடுத்துச் சொல்லாததுதான் பாதி மனவருத்தத்துக்குக் காரணம்.

பயப்பட வேண்டியவை வேறு. காயத்தில் சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாக இருந்த கால் சில ஆண்டுகள் கழித்து வலித்தால், பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கலாம், கிருமியும் தொற்றியிருக்கலாம். முள் குத்திய புண், பித்தவெடிப்பு, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று எதன் வழியாகவும் கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டில் போய்த் தங்கும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே கூடாது. மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், பரிசோதனையில் கிருமியைக் கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும்.

குந்தி உட்கார்ந்து களையெடுப்பது, தலைச்சுமை, வரப்பிலிருந்து குதிப்பது மூன்றையும் விட்டுவிட வேண்டும். நீளக் கைப்பிடி போட்ட களைக்கொத்து நின்றபடி வேலை செய்ய உதவும். பால் கறக்க உயரமான முக்காலி வேண்டும். உதைக்கிற மாட்டை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். டெல்டா விவசாயிகள் அறுவையைத் தை அறுவடைக்குப் பின் வைத்துக்கொண்டால், ஓய்வுக்கு இரண்டு, மூன்று மாதம் கிடைக்கும்.

இனி காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இருந்தால் மட்டும் போதாது. எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி, பிறகு வரும் சிக்கல்களுக்கு என்ன வழி என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தனியார் பாலிசிகளில் மூட்டு மாற்றுக்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் உண்டு. இப்போதைய விதிப்படி அது 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. வீடு திரும்பிய பின் ஆகும் மருந்து, பிசியோதெரபி செலவுக்குப் பல பாலிசிகள் 60 நாள் வரைதான் பணம் தரும். மருத்துவர் எழுதிய சீட்டும் அசல் பில்லும் இல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது. பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

முழங்கால் செயற்கை மூட்டுக்கு 2017 முதல் அரசு விலை உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் மூட்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்பதும் விதி. பின்னாளில் மூட்டை மாற்ற நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான். அந்தப் பில்லையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பட்டா, சிட்டா வைக்கிற பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.