கார் மீட்டர் எதைக் கேட்டு முள்ளை நகர்த்துகிறது?

பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள் சுழல, அதன் வேகத்துக்கேற்ப முள் நகர்ந்தது. இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. ஓட்டுநர் முன் இருக்கும் மீட்டர் தொகுதி ஒரு சிறு கணினி. வேகத்தையோ இன்ஜின் சுழற்சியையோ அது அளப்பதில்லை. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் யூனிட்டும் இன்ஜின் கட்டுப்பாட்டு யூனிட்டும் அனுப்பும் செய்திகளைப் படித்து முள்ளை நகர்த்துகிறது. அந்தச் செய்திகளின் அகராதியைக் கார் நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. வெளியிலிருந்து கவனித்து அதைத் தயாரிப்பதே மீட்டரின் ரிவர்ஸ் இன்ஜினியரிங். ஓடாத காரின் மீட்டரைப் பந்தய சிமுலேட்டரில் பொருத்தவும், இன்ஜின் மாற்றிய காரில் பழைய மீட்டரை வேலை செய்ய வைக்கவும் இது தேவைப்படுகிறது.

செய்திகள் பயணிக்கும் பாதையின் பெயர் கேன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளே காரின் யூனிட்டுகளை இணைக்கின்றன. வழக்கமான கேன் செய்தியில் 11 பிட் அடையாள எண்ணும் அதிகபட்சம் 8 பைட் தரவும் இருக்கும். அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. அடையாள எண் சரியாக இருந்தால் மீட்டர் நம்பிவிடும். இந்த வேலை சாத்தியமாவது இதனால்தான்.

முதல் கட்டம் கேட்பது. பழுதைக் கண்டறியப் பயன்படும் காரின் ஓபிடி சாக்கெட்டிலோ மீட்டரின் பின்புறக் கனெக்டரிலோ கேன் கம்பிகள் இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். பாதையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால், மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டர் ஏறக்குறைய 60 ஓம் காட்டும். எம்சிபி2515 சிப் உள்ள ஆர்டுயினோ பலகையோ, லினக்ஸ் கணினியுடன் ஒரு கேன் அடாப்டரோ இருந்தால் செய்திகளைப் பதிவுசெய்யலாம்.

அடுத்தது பிரித்தறிவது. நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரும் செய்திகளில் தேவையானதைப் பிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கார் நின்றபடியே ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கும் பைட்டுகள் தனித்துத் தெரியும். ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் அந்தச் செய்தியின் அடையாளம் பதினாறு நிலை எண்முறையில் 280. அதன் மூன்றாம், நான்காம் பைட்டுகள் 128, 12 என்று வந்தால், குறைந்த இடமதிப்புள்ள பைட் முதலில் வரும் முறைப்படி 12 × 256 + 128 = 3,200. அதை நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 800 சுழற்சி. கார் ஐட்லிங்கில் இருக்கிறது.

கணக்கு சரியா என்று பார்க்க ஓபிடி உதவும். அதில் இன்ஜின் சுழற்சியைக் கேட்டுப் பெறும் முறை உலகறிந்த தரநிலை. அதன் விடையோடு ஒப்பிட்டாலே போதும். வேகத்துக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. ஐ.நா. வாகன விதி 39இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. உண்மை வேகத்தின் 10 சதவீதமும் கூடுதலாக மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை மிகைத்துக் காட்டலாம். ஜிபிஎஸ் வேகத்தோடு முள் பொருந்தாததால் மட்டும் கணக்குப் பிழை என்றாகிவிடாது.

கடைசியாக, கழற்றிய மீட்டருக்கு மேசையில் 12 வோல்ட் கொடுத்து, கண்டறிந்த செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பினால் போதாது. செய்தி நின்றால் முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் என்பதால் சில பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏர்பேக் யூனிட்டின் செய்தி வராவிட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாது. சில செய்திகளில் ஒவ்வொரு முறையும் கூடும் எண்ணும் சரிபார்ப்புக் கூட்டலும் இருக்கும். அவற்றின் விதியைக் கண்டுபிடிக்காவிட்டால் மீட்டர் அந்தச் செய்தியை ஏற்காது.

இந்த வேலைக்கு எல்லைகளும் உண்டு. ஓடிய தூரம் மீட்டருக்குள் உள்ள நினைவக சிப்பில் பதிவாகிறது. ஏமாற்றும் நோக்கில் அதைக் குறைப்பது அமெரிக்காவில் 1972இல் வந்த சட்டத்தின்படி குற்றம். பல கார்களில் திருட்டுத் தடுப்பு வசதியும் மீட்டரோடு இணைந்திருப்பதால், ஒரு காரின் மீட்டரை இன்னொன்றில் மாட்டினால் இன்ஜின் இயங்காமல் போகலாம். புதிய கார்களில் கேட்வே யூனிட் ஓபிடி வழியே போகும் செய்திகளை வடிகட்டுகிறது. ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட செய்திகளும் வரத் தொடங்கிவிட்டன. அத்தகைய செய்தியைப் பதிவுசெய்து படிக்கலாம், ஆனால் சாவி இல்லாமல் புதிதாக உருவாக்கி மீட்டரை நம்பவைக்க முடியாது.