மழையில நனைஞ்ச கேசட்டும் மான்செஸ்டர் லேபிளும்

இந்த எபிசோடு ரெகே பத்தி. சரியா சொல்லணும்னா, ரெகே பாடினவங்களைப் பத்தி இல்ல. அவங்க பாடி இருபது வருஷம் கழிச்சு, அந்தப் பாட்டையெல்லாம் தேடிப் பிடிச்சு மறுபடி வெளியிட்ட ஒரு சின்ன கம்பெனியைப் பத்தி. பேரு பிளட் அண்ட் ஃபயர். ஊரு மான்செஸ்டர், இங்கிலாந்து. ஆரம்பிச்சது 1993. பேராவூரணிக்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க பெரியப்பா மைக் செட் வச்சிருந்தார். நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாவுலேர்ந்து காதுகுத்து, கல்யாணம், ஆடி மாச மொய் விருந்து வரைக்கும் எங்க பக்கத்துல எது நடந்தாலும் விடியறதுக்கு முன்னாடி தென்னை மரத்துல குழாய் ஏறிடும். முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் பாடின பிள்ளையார் பாட்டு. அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு. அதுக்கப்புறம் என்ன ஓடணும்ங்கிறது பெரியப்பா இஷ்டம். கூட்டத்தைப் பார்ப்பார், பெட்டியில கையை விடுவார், ஒரு கேசட் எடுப்பார். அவர் எடுத்தது தப்பாப் போய் நான் பார்த்ததில்ல.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். நான் அப்ப சென்னையில வேலை பார்த்துட்டிருந்தேன். ஊருக்கு வந்து சேர்ந்தப்ப தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. பெரியப்பாவோட மைக் செட் ரூம்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரை இல்ல. உள்ள ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுப் பெட்டி, கேசட் பெட்டி எல்லாம் தண்ணியில. விழுந்த தென்னைய வந்து எண்ணிட்டுப் போனாங்க, நிவாரணம் எழுதினாங்க. கேசட்டுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் இல்ல. அவரும் கேக்கல. "விடுப்பா, எல்லாம் இப்ப போன்ல இருக்குல்ல"ன்னார். அந்த நேரத்துல நானும் ஆமான்னுதான் சொன்னேன். அது தப்புன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு.

சென்னை திரும்பற ராத்திரி பஸ்ஸுல, ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அனுப்பின ஆல்பத்தைக் கேட்டேன். 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்'. 1977-ல ஜமைக்காவுல பதிவானது. மேல ஒரு மெல்லிய குரல், கீழ ஒரு கனத்த குரல், நடுவுல எங்கேயோ மாடு கத்துற மாதிரி ஒரு சத்தம். பஸ்ஸுக்கு வெளியில மாடுன்னு நினைச்சு ஹெட்போனைக் கழட்டிப் பார்த்தேன். வெளியில பைபாஸ் ரோடு. மாடு பாட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

அந்த ஆல்பத்தைத் தேடப் போய்த்தான் இந்த லேபிள் கதை கிடைச்சது.

முதல்ல ரூட்ஸ் ரெகேன்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். பாப் மார்லி டி-ஷர்ட் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த ஒரு ஆளுக்குப் பின்னாடி ஒரு தீவே இருக்கு. 1970-கள்ல கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகள்லேர்ந்து வந்த இசை இது. மெதுவான தாளம், நெஞ்சுல இடிக்கிற பேஸ், அடி விழாத இடத்துல வந்து விழற கிட்டார். பாட்டுக்குள்ள ரஸ்தஃபாரி பக்தி இருக்கும், அடிமை வரலாறு இருக்கும், போலீஸ், பசி எல்லாம் இருக்கும். சாமியையும் அரசியலையும் தனித்தனியாப் பிரிக்க முடியாது. நம்ம டெல்டாவுல இதுக்கு ஒரு உதாரணம் சொல்லணும்னா நாகூர் ஹனிபா. இஸ்லாமிய பக்திப் பாட்டும் அவர்தான், தி.மு.க. மேடைப் பாட்டும் அவர்தான், ரெண்டுக்கும் அதே வெண்கலக் குரல். எங்க பெரியப்பா பெட்டியில ரெண்டு வகையும் ஒண்ணாத்தான் கிடக்கும்.

ஜமைக்காவுல இந்த இசை வளர்ந்ததே மைக் செட்டுலதான். அங்க பேரு சவுண்ட் சிஸ்டம். வீட்டு உயர ஸ்பீக்கரைத் தெருவுல அடுக்கி, இசைத்தட்டு போட்டு, ராத்திரி முழுக்க ஆட்டம். அங்க டீஜேன்னா தட்டு போடறவர் இல்ல. மைக்கைப் பிடிச்சுப் பாட்டுக்கு மேல பேசறவர். தட்டு போடறவர் செலக்டர். எங்க ஊர்ல ரெண்டு வேலையும் பெரியப்பாவே பார்ப்பார், நடுவுல "பந்தி ரெடி"ன்னு அறிவிப்பும் கொடுப்பார்.

அந்த உலகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் கிங் டப்பி. நிஜப் பேரு ஆஸ்பர்ன் ரடக். பாடகர் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர். ரேடியோ பழுது பார்ப்பார், டிரான்ஸ்ஃபார்மர் சுத்துவார், ஆம்ப்ளிஃபையர் கட்டுவார். வாட்டர்ஹவுஸ் பகுதியில ஒரு வீட்டுக்குள்ளயே ஸ்டூடியோ. குளியலறைதான் பாடகர் நிக்கிற இடம். இன்னொரு ஸ்டூடியோ வேண்டாம்னு கழிச்ச நாலு டிராக் மிக்சரை வாங்கி வச்சுக்கிட்டு, ஏற்கெனவே பதிவான பாட்டைப் பிரிச்சார். குரலைத் தூக்கிட்டு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டு, எதிரொலியைக் கூட்டி, பாட்டோட எலும்புக்கூட்டை வெளியில காட்டினார். அதுக்குப் பேருதான் டப். இன்னைக்கு ரீமிக்ஸ்னு நாம சொல்றதுக்கு இவரும் ஒரு தாத்தா. 1989-ல அவரை வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

இப்ப பிரச்சினைக்கு வரேன். டேப் விலை அதிகம். அதனால பழைய டேப்பை அழிச்சு அதுமேலயே புதுப் பாட்டைப் பதிவாங்க. டிராக்கும் நாலுதான். மூணு நிரம்பினா அதையெல்லாம் கலந்து நாலாவதுல தள்ளிட்டு, காலியான இடத்துல அடுத்த குரலை ஏத்துவாங்க. நம்ம பாஷையில சொன்னா, கமிட் எல்லாத்தையும் ஸ்குவாஷ் பண்ணி ஹிஸ்டரியை டெலீட் பண்ற மாதிரி. திரும்பப் போய்ப் பிரிக்க முடியாது. கடைசியில மிஞ்சறது மாஸ்டர் டேப். அதுதான் சோர்ஸ் கோடு. கடையில விக்கிற தட்டு கம்பைல் ஆன பைனரி. சோர்ஸ் தொலைஞ்சா, இருக்கிறதுலயே நல்ல தட்டு ஒண்ணைத் தேடி, அதுலேர்ந்து கீறல் சத்தத்தை ஒவ்வொண்ணாத் துடைச்சு எடுக்கணும். எவ்வளவு துடைச்சாலும் அது பைனரிதான்.

'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' கதையும் இதே ரகம். லீ பெர்ரி தன்னோட பிளாக் ஆர்க் ஸ்டூடியோவுல அதைப் பதிவு பண்ணார். உலகம் முழுக்க வெளியிடற பலம் இருந்த ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் எடுத்துக்கல. ஜமைக்காவுல கொஞ்சம் பிரதி மட்டும் அடிச்சாங்க. பிளாக் ஆர்க் பின்னாடி தீப்பிடிச்சுப் போச்சு. பலருக்கு அந்த ஆல்பம் காதுவழிச் செய்தி மாதிரிதான் இருந்திருக்கு: கேட்டவங்க சொல்வாங்க, கேக்காதவங்க தேடுவாங்க.

இந்த இடத்துலதான் பிளட் அண்ட் ஃபயர் வருது. ஆரம்பிச்சவங்க கூட்டணியே விசித்திரம். ஒரு பக்கம் ஸ்டீவ் பாரோ, ரெகே வரலாறே கரைச்சுக் குடிச்ச ஆள். பின்னாடி பீட்டர் டால்டனோட சேர்ந்து 'ரஃப் கைடு டு ரெகே' எழுதினவர். இன்னொரு பக்கம் மிக் ஹக்னல், சிம்ப்ளி ரெட் குழுவோட பாடகர். பாப் பாட்டுல சம்பாதிச்சவர், காசை இதுல போட்டார். கூட அவரோட மேனேஜர்கள் எலியட் ராஷ்மன், ஆண்டி டாட், அப்புறம் பாப் ஹார்டிங். 1994-ல முதல் வெளியீடு 'இஃப் டீஜே வாஸ் யுவர் டிரேட்'. தயாரிப்பாளர் பன்னி லீ 1974-லேர்ந்து 1977 வரைக்கும் டப்பி ஸ்டூடியோவுல டீஜேக்களை வச்சுப் பதிவு பண்ணினதோட தொகுப்பு. அப்புறம் வரிசையா கீத் ஹட்சனோட 'பிக் எ டப்', ஹொரஸ் ஆண்டியோட 'இன் த லைட்', யாபி யூ பாட்டுகளோட இரட்டை சிடி. 1996-ல 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்', ரெண்டு சிடியா. ரெண்டாவதுல டப் வடிவங்களும் நீள வடிவங்களும்.

பழைய பாட்டை மறுபடி விக்கிறது பெரிய விஷயம் இல்ல. அதுக்கு முன்னாடியும் ரெகே தொகுப்புகள் மலிவு விலையில குவிஞ்சு கிடந்துச்சு: அட்டையில பனைமரமும் சூரிய அஸ்தமனமும், உள்ள யார் பாடினாங்கன்னுகூட ஒழுங்கா இருக்காது. இவங்க பண்ண வேலை வேற. கிடைச்சதுலயே நல்ல டேப்பைத் தேடினாங்க. டிரம்ஸ் யார், பேஸ் யார், எந்த ஸ்டூடியோ, யார் மிக்ஸ் பண்ணதுன்னு சிடிக்குள்ள புத்தகம் மாதிரி எழுதிப் போட்டாங்க. உரிமைக்காரரைத் தேடிப் போய் ஒப்பந்தம் போட்டுக் காசு கொடுத்தாங்க. இதுல கடைசியா சொன்னதுதான் அபூர்வம். அன்னைக்கு ஜமைக்காவுல பாடகருக்கு ஸ்டூடியோ வாசல்லயே ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிச்சிடுவாங்க. காப்பிரைட் சட்டமும் 1911-ல பிரிட்டிஷ்காரன் போட்டதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சொந்தமா ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்ததே 1993 செப்டம்பர்ல.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க மொய் நோட்டு போதும். பேராவூரணி மொய் விருந்து தெரியும்ல? கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவாங்க. யார் எவ்வளவு வச்சாங்கன்னு நோட்டுல ஏறும். நாளைக்கு அவங்க வீட்டு விருந்துல அதைத் திருப்பிச் செய்யணும். அந்த முறை நிக்கிறதே நோட்டை நம்பித்தான். பேர் ஏறலைன்னா வச்ச காசு போனதுதான். பாட்டுக்கு வாசிச்சவன் பேரை இருபது வருஷம் கழிச்சுத் தேடி எழுதறதும் விட்டுப்போன மொய்யை நோட்டுல ஏத்தற வேலைதான். பேர் இருந்தாத்தான் காசு எங்க போகணும்னே தெரியும்.

இந்த லேபிள் ரொம்ப காலம் ஓடலைங்கிறதையும் சொல்லணும். 2000-களோட பின்பாதியில வெளியீடுகள் நின்னுபோச்சு. சிடி விக்கிற காலமே முடிஞ்சிட்டிருந்தது. வேடிக்கை என்னன்னா, மறுவெளியீடாப் போட்ட சிடிகளே இன்னைக்கு சேகரிப்பாளர்கள் தேடற பொருள் ஆயிடுச்சு. 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' 2017-ல நாற்பதாவது வருஷத்துக்காக மறுபடி வந்துச்சு, இந்த முறை நியூயார்க் விபி ரெக்கார்ட்ஸ் மூலமா. ஒருதடவை காப்பாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பேக்அப் எடுத்தவங்களுக்கு இந்த வலி தெரியும்.

நம்ம பக்கம் என்ன நிலைமை? எதுவுமே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் லேபிள், இளையராஜாவோட 1977-லேர்ந்து 83 வரைக்குமான பாட்டுகளை 'சொல்ல சொல்ல'ங்கிற பேர்ல தொகுத்துப் போட்டிருக்காங்க. நம்ம பாட்டை அவங்க அட்டையில பார்க்கும்போது பெருமையும் கொஞ்சம் கூச்சமும் சேர்ந்தே வருது. ஆனா சினிமாவுக்கு வெளியில? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்துக்குங்க. யூடியூப்ல இருக்கு. பல அப்லோடுல எந்த வருஷம், தவில் யார், எந்தத் தட்டுலேர்ந்து எடுத்ததுன்னு ஒரு வரிகூட இருக்காது. 'போன்ல இருக்கு'ன்னா அவ்வளவுதான் இருக்கு.

சட்டமும் இதுல முழு முட்டுக்கட்டை இல்ல. இந்தியாவுல ஒலிப்பதிவுக்கான காப்பிரைட் வெளியான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம். 1950-கள்ல வந்த தட்டுகளோட ஒலிப்பதிவு உரிமை காலாவதி ஆயிடுச்சு. பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனிக் கணக்கு: அவங்க ஆயுளும் அதுக்கு மேல 60 வருஷமும். அதைப் பார்த்து, கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துச் செய்யலாம். பெரிய கம்பெனிதான் செய்யணும்னு இல்ல. மான்செஸ்டர்ல செஞ்சவங்களும் ஒரு சின்னக் கூட்டம்தான்.

பெரியப்பா பெட்டிக்கு வரேன். நனைஞ்ச கேசட்டை அப்படியே பிளேயர்ல போட்டுடாதீங்க, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஸ்க்ரூவைக் கழட்டி, ரீலைத் தனியா எடுத்து, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, வெயில் படாம காத்துல காய விட்டு, வேற காலி கேசட் கூட்டுக்குள்ள மாத்தணும். அப்புறம்தான் ஓட்டணும், அதையும் ஒரே ஓட்டத்துல கம்ப்யூட்டர்ல ஏத்திடணும். ரெண்டாவது வாய்ப்பு கிடைக்கும்னு சொல்ல முடியாது. நான் இதைக் கத்துக்கிட்டு ஆரம்பிச்சப்ப கஜா முடிஞ்சு ரெண்டு வருஷம். பாதிக்கு மேல பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிச்சு. நாற்பத்தோரு கேசட் தேறிச்சு. சினிமாப் பாட்டுக் கேசட்டையெல்லாம் ஒதுக்கிட்டேன், அது வேற எங்கேயாவது இருக்கும். ஆறு கேசட்டுல மட்டும் மேல பேனாவுல 'கோயில்'னு இருந்துச்சு. திருவிழா ராத்திரி, மைக் செட் ஆம்ப்ளிஃபையர்லேர்ந்தே பெரியப்பா பதிவு பண்ண நாகஸ்வரம். பின்னாடி வாணம் வெடிக்குது, ஒரு குழந்தை அழுவுது. நடுவுல வாசிப்பு ஒரு இடத்துல நின்னு, கூட்டமே மூச்சுப் பிடிச்ச மாதிரி ஒரு நொடி அமைதி. அப்புறம் தவில் விழுது.

போன பொங்கலுக்கு அதை அவருக்குப் போட்டுக் காட்டினேன். லேப்டாப்ல ஒரு எக்செல் ஷீட்: வருஷம், கோயில், நாகஸ்வரம், தவில். வருஷத்தை உடனே சொல்லிட்டார், அந்த வருஷம்தான் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினாராம். நாயனக்காரர் பேரும் வந்துச்சு. தவில்காரர் பேருதான் வரல. கண்ணை மூடி ரெண்டு தடவை கேட்டார். "ஊரு ஆவணம் பக்கம். இடது கைக்காரர். பேரு நாக்குலயே நிக்குதுப்பா"ன்னார். அந்தக் கட்டத்தை மஞ்சள்ல மார்க் பண்ணி வச்சிருக்கேன். அடுத்த மாசம் லீவு போட்டுட்டு அவரையும் பைக்ல உக்கார வச்சு ஆவணம் போறேன்.