கல் இருந்தாலும் தயிர் சாப்பிடலாம்

சிறுநீரகத்தில் கல் என்றதுமே பலர் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்ற பயம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பெரும்பாலான கற்கள் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து உண்டாகின்றன. பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் இவற்றில் ஆக்சலேட் அதிகம். கூடவே தயிரும் சாப்பிட்டால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். தயிர் இல்லையென்றால் ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். கால்சியம் மாத்திரை வேறு விஷயம், மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

இத்தாலியில் ஏற்கெனவே கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. கால்சியத்தைக் குறைத்தவர்களோடு ஒப்பிட்டால், கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு மறுபடி கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் வேலை என்றால் இன்னும் அதிகம். உப்பில்லாத எலுமிச்சைச் சாறும் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லையே என்று தண்ணீரையே தவிர்க்கும் பெண்கள் ஏராளம். அவர்களுக்குக் கழிப்பறை கட்டித் தருவதும் கல்லைத் தடுக்கும் வழிதான். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.