கனவுத் தடம் – 9: சொப்பனத்துக்குக் கடன்பட்டவர்கள்

புதுக்கடைப் பக்கம் ஒரு குடும்பக் கோயிலின் பூர்வ கதையை விசாரித்தால், அது பெரும்பாலும் ஒரு சொப்பனத்தில் போய் நிற்கும். இசக்கி வந்து நின்றாள், மாடன் வந்து இடம் கேட்டான், 'என்னை மழையில் நனைய விட்டிருக்கிறீர்களே' என்று யாரோ அழுதார்கள். கண்டவர் விடிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கேட்டவர்களும் சும்மா இருக்க முடியாது. அண்ணன் தம்பிகள் கூடுவார்கள், குறி கேட்பார்கள், செலவில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு சண்டையும் நடக்கும். கடைசியில் தென்னந்தோப்பின் கன்னிமூலையில் ஒரு பீடம் எழும். கண்டது ஒரு கிழவியாக இருக்கலாம். கணக்குத் தீர்க்க வேண்டியது குடும்பம் முழுவதும்.

இந்தக் கணக்கு தெரிந்த ஒருவரை 350 ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவின் இரோக்வாய் ஊர் ஒன்றில் இறக்கிவிட்டிருந்தால், பாஷை தெரியாவிட்டாலும் நடப்பது என்னவென்று பிடிபட்டிருக்கும். அங்கே போன பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரிகளுக்குத்தான் பிடிபடவில்லை. இந்த மக்களுக்குக் கனவுதான் தெய்வம் என்று அவர்கள் அலுத்துப்போய் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரோக்வாய் என்பது மற்றவர்கள் இட்ட பெயர். தங்களை அவர்கள் ஹோடினோஷோனி, நீள்வீட்டு மக்கள், என்று சொல்லிக்கொள்வார்கள். மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடு. நடுவில் வரிசையாக அடுப்புகள். ஒரு தாய்வழியில் வந்த பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் குறுக்கே வாழ்ந்த ஐந்து இனங்கள் சேர்ந்த கூட்டாட்சியையும் அப்படி ஒரு நீள்வீடாகவே அவர்கள் கண்டார்கள். கிழக்கு வாசலுக்கு மோஹாக்கியர் காவல், மேற்கு வாசலுக்குச் செனக்கர். நடுவில் ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா. 1722 வாக்கில் தெற்கிலிருந்து வந்த டஸ்கரோரா ஆறாவதாகச் சேர்ந்தது.

வீடும் வயலும் பெண்கள் வசம். குலமும் தாய் வழியே. தலைவர்களை நியமிப்பதும், சரியில்லை என்றால் இறக்குவதும் குலத்தாய்மார்கள். மருமக்கள் வழி என்றால் என்னவென்று நாஞ்சில் நாட்டாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கவிமணியே அதற்கு ஒரு மான்மியம் பாடி வைத்திருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பெண் வழியில் சொத்து வந்தாலும் சாவிக்கொத்து காரணவரின் மடியில் இருந்தது. அங்கே அது பெண்களின் கையிலேயே இருந்தது. கவிமணிக்கு அங்கே பாட வேறு விஷயம் தேட வேண்டியிருந்திருக்கும்.

கனவு விஷயத்துக்கு வருவோம். 1649-இல் ரகேனோ என்ற பாதிரியார், இரோக்வாய்க்கு மொழி உறவினரான ஹூரோன் மக்களின் நம்பிக்கையைத் தெளிவாகப் பதிவு செய்தார். மனிதனுக்குத் தெரிந்த ஆசைகள் உண்டு. அவனுக்கே தெரியாமல் ஆன்மாவின் அடியில் கிடக்கும் ஆசைகளும் உண்டு. ஆன்மா அவற்றைக் கனவில் சொல்லும். நிறைவேறினால் சாந்தமாகும், நிறைவேறாவிட்டால் உடம்பின் மேல் கோபத்தைக் காட்டும், நோய் வரும், சாவும் வரலாம். வியன்னாவில் ஃபிராய்டு 1900-இல் வெளியிட்டதன் பாதியை இவர்கள் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்று மானிடவியலாளர் அந்தோணி வாலஸ் 1958-இல் கட்டுரையே எழுதினார். எனக்கு அந்த ஒப்பீட்டில் பாதி உற்சாகம்தான். ஃபிராய்டிடம் கனவு மூடிய அறைக்குள் இருவர் பேசும் விஷயம். இங்கே அது ஊர்ப்பொது.

குளிர்காலத்தின் நடுவே அவர்களுக்கு ஒரு பெரிய திருவிழா. அப்போது கனவு கண்டவர் வீடு வீடாகப் போவார். கண்டதை நேரே சொல்லமாட்டார், விடுகதையாகப் போடுவார். தனக்குள்ளே ஒரு ஏரியை வைத்திருக்கும் பொருள் வேண்டும் என்பார் ஒருவர். வீட்டில் இருப்பவர்கள் மூளையைக் கசக்கி, சுரைக்குடுவை என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். விடை தவறினால் கையில் கிடைத்த வேறெதையாவது கொடுத்துப் பார்க்கலாம். சரியான பொருள் வந்து சேர்ந்ததும் கண்டவருக்கு அப்படி ஒரு நிம்மதி, ஊருக்கும்தான். டாப்லோன் பாதிரியார் 1656 பிப்ரவரியில் ஒனொண்டாகாவில் இந்த அமளியை நேரில் பார்த்தார். இன்றும் சில நீள்வீடுகளில் நடுக்குளிர் விழாவின்போது கனவு ஊகிக்கும் சடங்கு நடக்கிறது.

எல்லாக் கனவும் சுரைக்குடுவையோடு முடியாதே. எதிரிகளிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டுச் சாவதாக ஒரு வீரன் கனவு கண்டால்? அவன் தன் ஆட்களிடமே வந்து, என்னைக் கட்டுங்கள், கொஞ்சம் சுடுங்கள் என்பான். அவர்களும் சுடுவார்கள். விதி கேட்டதைச் சிறிதாகக் கொடுத்து, பெரியதைத் தவிர்ப்பது. கை கால் நோவுக்கு வெள்ளியில் ஒரு கை, கால் வாங்கி நேர்ச்சை போடுகிற நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

(ஒரு சின்னக் குறுக்கீடு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காருக்குள் தொங்கும் இறகு வைத்த கனவு வலை மோஹாக்கியருடையது அல்ல. அது ஒஜிப்வே மக்களுடையது. கெட்ட கனவைப் பிடித்து நிறுத்தும் யோசனை அது. இரோக்வாய்க்காரர் கெட்ட கனவையும் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்பவர்.)

கனவு கேட்டால் மறுக்கக்கூடாது என்ற வழக்கத்தை வெள்ளையர் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அயர்லாந்திலிருந்து 1738-இல் மோஹாக் பள்ளத்தாக்குக்கு வந்து, பின்னால் பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக உயர்ந்தவர் வில்லியம் ஜான்சன். மோஹாக் தலைவர் ஹென்ட்ரிக் ஒரு நாள் அவரிடம், உங்கள் ஜரிகைச் சட்டையை நீங்கள் எனக்குக் கொடுப்பதாகக் கனவு கண்டேன் என்றாராம். ஜான்சன் கழற்றிக் கொடுத்தார். சில நாள் போனது. இப்போது ஜான்சனுக்குக் கனவு வந்தது, பெரிய நிலப்பரப்பு ஒன்றை ஹென்ட்ரிக் தனக்குக் கொடுப்பதாக. ஹென்ட்ரிக் கொடுத்துவிட்டு, இனி உங்களோடு சேர்ந்து நான் கனவு காண்பதாக இல்லை என்றாராம். இது நடந்த சம்பவமாக இருக்க வாய்ப்பு குறைவு. இதே கதையை வேறு ஆட்களின் மேல் ஏற்றியும் சொல்கிறார்கள். ஆனால் நிலம் போனது நிஜம். ஹென்ட்ரிக் 1755 செப்டம்பர் 8-ஆம் தேதி ஜார்ஜ் ஏரிப் போரில் பிரிட்டிஷாருக்காகச் சண்டையிட்டுச் செத்தார். இன்று மோஹாக்கியரின் அக்வெசாஸ்னே ஊரை அமெரிக்க–கனடா எல்லை நடுவே அறுத்துப்போகிறது. மாநில எல்லை தங்களைக் கேட்டு வரையப்பட வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு வாங்கிய ஊர் புதுக்கடை. 1956-இல் இங்கே கோடு மாறியது. மோஹாக்கியரிடம் யாரும் கேட்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

அமெரிக்க விடுதலைப் போரில் கூட்டாட்சியே இரண்டாகப் பிளந்தது. 1779-இல் வாஷிங்டன் அனுப்பிய படை இரோக்வாய் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் எரித்துக்கொண்டே போனது. அந்த மக்கள் வாஷிங்டனுக்கு இட்ட பெயர் ஊரழிப்பான். பிறகு ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம், விஸ்கி பீப்பாய் மேல் பீப்பாய். செனக்கரின் அலெகெனி ஆற்றங்கரை ஊரில், தலைவர் கார்ன்பிளாண்டருக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரர் ஹான்ஸம் லேக், அறுபது தாண்டியவர், குடியில் ஊறிப் படுக்கையில் கிடந்தார். 1799 ஜூன் 15 அன்று வீட்டு வாசலில் சரிந்து விழுந்தார். உடல் சில்லிட்டது. நெஞ்சில் மட்டும் சூடு இருப்பதாக ஒருவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார். அழகாக உடுத்திய மூன்று தூதர்கள் வந்து பழங்களைத் தின்னக் கொடுத்து, படைத்தவனின் கட்டளையைச் சொன்னதாகச் சொன்னார்: விஸ்கி கூடாது, சூனியம் கூடாது, வசிய மருந்து கூடாது, கருவை அழிக்கும் மருந்து கூடாது. முந்தின வருஷம் அந்த ஊருக்கு வந்திருந்த குவேக்கர் சபையினர் இதைக் கேட்டுக் குறித்துவைத்தார்கள்.

அதிலிருந்து 34 ஆண்டு. நாஞ்சில் நாட்டின் அகஸ்தீஸ்வரம் பக்கம் பூவண்டன்தோப்பு, இன்றைய சாமிதோப்பு. முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் வைத்த பெயரை மேல்சாதியார் பொறுக்காததால் முத்துக்குட்டியாகிப்போன ஒருவர், இருபத்து நாலு வயதில் தீராத நோயில் படுத்திருந்தார். தாய் வெயிலாளுக்கு ஒரு சொப்பனம்: மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டு வா. கொல்லம் ஆண்டு 1008 மாசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கடலுக்குள் போய் மறைந்து, மூன்றாம் நாள் வைகுண்டராக வந்தார் என்பது அய்யாவழியாரின் நம்பிக்கை. பிறகு ஒரு கார்த்திகையில் சீடர் அரிகோபாலனைத் தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பி இறைவனே சொல்ல எழுதியதுதான் அகிலத்திரட்டு என்று அந்த நூலே சொல்கிறது. இந்த இயக்கத்தின் தொடக்கத்தில் ஒரு சொப்பனம். அதன் வேதத்தின் தொடக்கத்தில் கலைந்த ஒரு தூக்கம்.

சமூகம் நொறுங்கும்போது இப்படி ஒருவர் எழுவார், மக்கள் அவர் பின்னால் திரள்வார்கள் என்று வாலஸ் 1956-இலேயே ஒரு கோட்பாடு சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்த பெரிய உதாரணமே ஹான்ஸம் லேக். திருவிதாங்கூரின் தலைவரியும் ஊழியமும் தோள்சீலைக் கலவரமும் அந்தக் கோட்பாட்டில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துவதால்தான் எனக்குச் சந்தேகம். நொறுங்கிய சமூகங்கள் உலகில் கணக்கில்லை. ஒரு நோயாளி கண்டது ஊருக்கே சட்டமாக, காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போகாத ஆட்கள் வேண்டும். அலெகெனிக் கரையில் அவர்கள் இருந்தார்கள், தலைமுறை தலைமுறையாகச் சுரைக்குடுவை தேடிப் பழகியவர்கள். இங்கே பனையேறிகளின் குடிசைகளிலும் இருந்தார்கள், இசக்கி கேட்டதைக் கொடுத்துப் பழகியவர்கள். தீர்க்கதரிசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கேட்கத் தெரிந்த காதுகளைப் பற்றி ஒரு பக்கம்கூடக் காணோம்.

இருவரும் அடுத்துச் செய்ததுதான் விசித்திரம். ஹான்ஸம் லேக், கனவுகளோடு பிணைந்திருந்த வைத்தியச் சங்கங்களைக் கலைக்கச் சொன்னார். சூனியக்காரர் என்ற பழி சுமந்து உயிரை விட்டவர்களும் அவர் காலத்தில் உண்டு. அவரைப் புகழ்கிறவர்கள் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். வைகுண்டரோ பேய்களை எரித்துவிட்டேன், பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம், மாடனுக்கும் காடனுக்கும் பயப்படாதே என்றார். ஏறிவந்த ஏணியை இருவருமே உதைத்துத் தள்ளினார்கள்.

அரசுகள் நடந்துகொண்ட விதம் வேறு. ஹான்ஸம் லேக் 1802-இல் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ஜெஃபர்சனைப் பார்த்தார். மது ஒழிப்பைப் பாராட்டி ஜெஃபர்சன் கடிதம் எழுதினார். நிலம் போவதைப் பற்றிய முறையீட்டுக்கு அதே கடிதத்தில், நிலத்தை விற்பது எப்போதுமே உங்களுக்குக் கெடுதல் என்று சொல்ல முடியாது என்று பதமாகப் பதில் சொன்னார். வைகுண்டருக்கு அந்தப் பதமும் கிடைக்கவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா அவரைப் பிடித்துவரச் செய்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார். சங்கீதத்தில் அத்தனை நுட்பமான காது அது.

சிறையிலிருந்து வெளியே வந்த வைகுண்டர் தம் ஆட்களை முதலில் வாகைப்பதிக்கும் பிறகு முட்டப்பதிக்கும் அனுப்பினார். எழுநூறு குடும்பங்கள். கடலில் குளிப்பது, துணி துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி ஒரு வேளை உண்பது. துவையல் பந்தி என்று பெயர். ஹான்ஸம் லேக்கின் ஆட்கள் போதையிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தது. இவர்கள் வெளியே வர வேண்டியிருந்தது குனிந்து நின்ற பழக்கத்திலிருந்து. சாமிதோப்பில் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். வேறு கோயிலில் சாமிக்கு முன் அவிழ்க்கும் துண்டு இங்கே தலைக்கு ஏறுகிறது. பள்ளியறையில் கண்ணாடி. பார்ப்பவர் தலைப்பாகையோடு தன்னையே பார்ப்பார்.

ஹான்ஸம் லேக் 1815-இல் ஒனொண்டாகாவில் இறந்தார், வைகுண்டர் 1851-இல். அகிலத்திரட்டு 1939-இல் அச்சேறியது. ஹான்ஸம் லேக்கின் போதனையை ஆர்தர் பார்க்கர் 1913-இல் அச்சிட்டார். இரண்டுக்கும் அச்சைவிட வாய்தான் வீடு. நீள்வீட்டில் வாம்பம் மணிச்சரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சொல்வார்கள் என்கிறார் பார்க்கர். சூரியன் உச்சிக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இறங்கும் வெயிலில் புனிதமானதைச் சொல்லக்கூடாது. சாமிதோப்பில் கார்த்திகையில் திருஏடு வாசிப்பு பதினேழு நாள். திருக்கல்யாணம் வாசிக்கும் நாளில் பிள்ளைகளுக்கு வரன் தேடும் தாய்மார்கள் கூட்டம் அலைமோதும்.

ஹான்ஸம் லேக் கலைக்கச் சொன்னவை? மரமுகமூடி அணிந்து நோய் தீர்க்கும் சங்கங்கள் இரோக்வாய் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவரைத் தீர்க்கதரிசியாக மதிக்கிறவர்களே அவற்றில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டியிடம், அய்யா பேயையெல்லாம் எரித்துவிட்டாரே, பிறகு ஏன் இசக்கிக்குக் கொடை என்று கேட்டேன். "அய்யா எரிச்சது பேயைல்லா மக்களே," என்றார். "இது நம்ம வீட்டுப் பிள்ளை. சொப்பனத்துல வந்து பட்டு கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்?"

அடுத்த வாரம்: முஞ்சிறையிலிருந்து சிவராத்திரி ஓட்டம்.